அம்மாவின் மூச்சும் என் காதும்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை கை ஓடவில்லை, அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். அம்மா இப்போது கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியின் திரைத்துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு என்னைத் திட்டினாள். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் மீதியை நீ கொஞ்சம் நிதானமாகப் படிப்பாய் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். டப்பா மூடி அடிக்கிற மெஷின் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்று காதை அதற்கே கொடுத்துவிட்டு வந்தவன் உன் அப்பா. காதில் கருவி போட்டுக்கொண்டாலும் ஃபோனில் உன் குரல் தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரிதான் வருகிறது. வீடியோவில் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் முக்கியமான இடத்தில் படம் அப்படியே நின்றுவிடுகிறது, நீ வாயைப் பிளந்தபடி இருக்கிறாய், நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இத்தனை நாளும் அவகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தவள், நேற்று தானாகவே, சரி எழுதுங்க, ஆனா பிள்ளையைப் பயமுறுத்தாம எழுதுங்க என்றாள். பயந்து கிடக்கிறவன் எப்படியம்மா பயமுறுத்தாமல் எழுதுவது? முடிந்த அளவு பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது நீ வந்து கூட இருந்தாய். நீ கிளம்பும்போது அவள் தெளிவாகத்தான் இருந்தாள், வாசல் வரை நடந்து வந்து கையசைத்தாள். அதற்குப் பிறகு மறுபடியும் தையல் கூடத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வேண்டாம் என்று நான் சொன்னதையும், நான் இல்லைன்னா அங்க துணியை நேரா வெட்ட ஆள் கிடையாது என்று அவள் சொன்னதையும் அப்போதே உனக்கு எழுதினேன். எழுதாமல் விட்டது அதற்கப்புறம் நடந்தவை. மாத்திரை எதையும் விடவில்லை, உப்பைக் குறைத்தாள், நடந்தாள், அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. இதயம் பார்க்கிற டாக்டரம்மா ஒரு மாத்திரையை இரண்டாக்கினார், இரண்டை மூன்றாக்கினார், அது அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. கூடவே நெஞ்சுக்குள் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உள்ளே ஒரு குருவி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குங்க என்பாள், என் கையை எடுத்து நெஞ்சில் வைப்பாள், உண்மையிலேயே தாறுமாறாகத்தான் துடிக்கும். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். இப்படியே தொடர்ந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டு இதயத்துக்குள்ளேயே ஓரிரு இடங்களைச் சுட வேண்டிவரும் என்றும் சொன்னார். சுடுவது என்ற சொல்லை அவர் வாயில் படித்ததும் நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதே சொல்தான்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஓயாத தூக்கம். ராத்திரி முழுவதும் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பேருந்தில் தூங்கி இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால் கண் சொருகும். வயசாச்சு, மாத்திரை மயக்கம் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் தையல் கூடத்தில் வெட்டு மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்குக்கட்டிக் கோட்டின்மேல் கத்தி மெஷினைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். நின்றபடியே தூங்கிவிட்டாள். மெஷின் கோட்டை விட்டு விலகி அவளுடைய இடது கைப்பக்கம் ஏறியிருக்கிறது. கையில் கம்பி வலைக் கையுறை இருந்ததால் பிழைத்தோம், இல்லையென்றால் விரல்கள் போயிருக்கும். பொத்தான் வைக்கிற பெண்தான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாளாம். மாஸ்டரம்மா கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறாங்க, எனக்குப் பாக்கவே பயமா இருந்துச்சு என்று அவள்தான் என்னிடம் சொன்னாள். அந்தக் கையுறையை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு மூன்று கண்ணிகள் அறுந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றன. பாக்கறதுக்குத்தான் இப்படி, விரல்ல ஒண்ணும் படலை என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் முழுவதும் அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன், விடுங்க, அடுப்புல பால் பொங்குது என்று உதறிக்கொண்டு போனாள்.

அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் உன் சின்ன மாமா. அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், அந்த வாடை தாங்காமல் ஒருநாள் இங்கே வந்து கூடத்தில் படுத்தார். காலமெல்லாம் குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிற மனுஷன், எந்த மோட்டார் எப்போது நிற்கும் என்று காதாலேயே சொல்லிவிடுவார். நான் படுக்கப் போகும்போது கருவியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவேன், அதற்கப்புறம் எனக்கு உலகமே பஞ்சுதான். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் விளக்கு எரிகிறது, உன் மாமா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார், வாய் திறக்கிறது மூடுகிறது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திருடன் வந்துவிட்டானா, தீப்பிடித்துவிட்டதா என்று எழுந்தால் அவர் கை என் பக்கத்தில் படுத்திருந்த அம்மாவைக் காட்டுகிறது. திரும்பிப் பார்த்தேன் பாப்பா. அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. வாய் திறந்து கிடக்கிறது, நெஞ்சு ஏறுகிறது இறங்குகிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. தண்ணீருக்குள் கிடக்கிறவள் மேலே வர முட்டுகிற மாதிரி உடம்பு இழுக்கிறது. முகம் கருத்துக்கொண்டு வருகிறது. நான் அவளைத் தொடுவதற்குள் கட்டிலே அதிர்கிற மாதிரி ஒரு உதறல், பெரிய மூச்சு ஒன்று உள்ளே போனது, மறுபடியும் சாதாரணமாகத் தூங்க ஆரம்பித்துவிட்டாள். மாமா அவளை எழுப்பியேவிட்டார். ஏன்டா ரெண்டு பேரும் லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க என்று கேட்டாள். அக்கா, நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன் என்று மாமா சொல்ல, செத்தவதான் சொல்றேன், லைட்டை அணைச்சிட்டுப் போய்ப் படு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதெல்லாம் விடிந்த பிறகு மாமா எனக்குச் சொன்னது. அவர் அன்றைக்கு மறுபடியும் படுக்கவே இல்லை, கூடத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தான், கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடற மாதிரி குறட்டை வருது, திடீர்னு நிக்குது, நான் கடவுளையெல்லாம் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிக்குது, அப்புறம் ஒரு வெடி, மறுபடியும் ஆரம்பிக்குது, இது இன்னைக்கு நேத்து வந்தது இல்லை, இவ்வளவு நாளும் நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, என் காதைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து பிடித்த பயம்தான். பக்கத்தில் படுத்திருப்பவள் மூச்சு நின்றால் எனக்குக் கேட்காது. இதைவிட என்னடி பயம் வேண்டும் ஒரு மனுஷனுக்கு? டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் நல்லவர், என்னோடு பேசும்போது கணினியைப் பார்க்காமல் என் முகத்துக்கு நேராகத் திரும்பி நிதானமாகப் பேசுவார். அம்மாவிடம் அவர் முதலில் கேட்டது, காலைல எழுந்ததும் தலை வலிக்குதா, எவ்வளவு தூங்கினாலும் போதலைன்னு இருக்கா, ராத்திரி திடுக்குன்னு முழிப்பு வருதா என்று. எல்லாவற்றுக்கும் அம்மா ஆமாம் என்றாள். குறட்டை விடுவீங்களா என்று கேட்டதும் மட்டும் முகம் சிவந்துபோய், எனக்குத் தெரியாதுங்க, இவருக்கும் தெரியாது என்றாள். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலேயே தூங்க வைத்துச் சோதனை செய்தார்கள். தலையில் கம்பி, நெஞ்சில் கம்பி, விரலில் ஒரு கவ்வி, மூக்குக்குக் கீழே ஒரு குழாய். இவ்வளவு ஒயரை மாட்டிட்டுத் தூங்குன்னா எப்படித் தூங்கறது என்று முணுமுணுத்தவள் படுத்ததுமே தூங்கிப்போனாள், அவ்வளவு அசதி. கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்கார விட்டார்கள். உள்ளே திரையில் பச்சைக் கோடு ஒன்று அலை அலையாகப் போகிறது, திடீரென்று படுத்துவிடுகிறது, கொஞ்ச நேரம் தட்டையாகவே போகிறது. காது கேட்காதவனுக்கு அன்றுதான் அவளுடைய மூச்சு தெரிந்தது. ஒவ்வொரு முறை கோடு படுக்கும்போதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், என்னால் முடியவில்லை, எனக்கே மூச்சு முட்டியது.

முடிவு வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகிற வழி அடைத்துக்கொள்கிறதாம், ரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறதாம், மூளை பதறி எழுப்புகிறதாம், முழுதாக விழிப்பதற்குள் மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. ஸ்லீப் ஆப்னியா என்று பேர் சொன்னார். ராத்திரி முழுக்க ஒருத்தர் உங்க கழுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டா உங்க இதயம் எப்படி ஒழுங்கா துடிக்கும், மாத்திரை பகல்ல கட்டுறதை ராத்திரி வந்து இடிச்சிடுது என்றார். இதற்கு மருந்து என்ன என்று கேட்டேன். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், காத்துதான் மருந்து என்றார். முகத்தில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் ஒரு சின்ன மெஷின், அது மெல்ல அழுத்திக் காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைக்காது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அப்படின்னா இனிமே மாரடைப்பு வராதுங்களா என்று கேட்டேன். அதற்கு அவர், அப்படி நான் சத்தியம் பண்ண மாட்டேன்யா, யாரும் பண்ண முடியாது, தூக்கம் சரியாகும், பிரஷர் இறங்க வாய்ப்பு இருக்கு, தாளம் தப்பறது குறையலாம், ஆனா தினமும் போட்டாத்தான், அலமாரியில வெச்சிருந்தா அது ஒண்ணும் பண்ணாது என்றார். நேர்மையான பேச்சுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது பாப்பா, அவர் அதைக் கொடுக்கவில்லை.

மாஸ்க் பொருத்துவதற்கென்றே அங்கே ஒரு பெண் இருக்கிறாள். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவள் என்பதால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கைக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, தும்பிக்கை கட்டின மாதிரி இருக்கேன், இதோட உங்க பக்கத்துல படுத்தா நீங்கதான் பயந்து சாவீங்க என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் மெஷினை வைத்தோம். நான் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுப்பேன். காற்று ஓடுகிற அதிர்வு கையில் தெரியும், அது இருக்கும்வரை அவளும் இருக்கிறாள் என்று தெரியும். ஆனால் விடியற்காலையில் கண் விழித்தால் மாஸ்க் தலையணைக்குக் கீழே கிடக்கும், மெஷின் அணைந்து கிடக்கும், அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். என்னையறியாமல் நான் கண் அயர்ந்த நேரம் பார்த்துக் கழற்றியிருக்கிறாள். கேட்டால், தானா கழண்டுடுச்சு என்பாள். மறுநாளும் தானாகக் கழன்றது. அடுத்த நாளும். நான் கத்தினேன், கெஞ்சினேன், உன் மேல் ஆணையிட்டுக்கூடக் கேட்டேன். மூச்சு முட்டுதுங்க, உசுரோட மூடி போட்ட மாதிரி இருக்கு என்று ஒரே பிடியாகச் சொன்னாள். நான் தூங்காமல் காவல் இருக்க ஆரம்பித்தேன். பகலில் தடுமாறினேன், குளியலறையில் வழுக்கினேன். என்னைப் பாத்துக்கறேன்னு நீங்க முன்னாடி போயிடுவீங்க போலிருக்கு என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சாகாமல் காக்கிறோம் என்று ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம்.

அப்புறம் நடந்ததை எழுதத்தான் கை தயங்குகிறது. அம்மா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள் வாளியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது வியர்வையில் நனைந்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது, குருவி, குருவி என்றுதான் உதடு அசைந்தது. மாமாவின் வேனில் குளிர்பெட்டிகளுக்கு நடுவில் அவளைச் சாய்த்து உட்கார வைத்துக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் கதவுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், இதயம் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது, மயக்கம் கொடுத்து மின்சாரத்தால் ஒரு சின்ன அதிர்ச்சி கொடுத்துத் தாளத்துக்குக் கொண்டுவரப் போகிறோம் என்றார்கள். நான் வெளியே நின்றேன். அவசரத்தில் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் போய், மாமா காதில் விழக்கூடாது என்று மிகவும் மெதுவாக, அவ செத்துடுவாளா என்று கேட்டேன். மெதுவாக என்று நான் நினைத்துக்கொண்டேன். நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மருந்து வண்டி தள்ளிக்கொண்டு போன நர்ஸ் நின்றுவிட்டாள். எதிர்ப் பெஞ்சில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். நான் முழுத் தொண்டையில் கத்தியிருக்கிறேன் பாப்பா. எவ்வளவு கத்தினேன் என்று எனக்கே தெரியாது. டாக்டரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, இல்லை, தாளம் திரும்பிடுச்சு, முழிச்சுட்டாங்க, இன்னைக்குத் தப்பிச்சுட்டாங்க, ஆனா ராத்திரி அந்த மாஸ்க் இல்லாம இருந்தா திரும்பவும் வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு என்றார்.

நான் கத்தியது கதவைத் தாண்டி அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், நான் கால்மாட்டில் இருந்தேன். என்னை மேலே வந்து உட்காரச் சொன்னாள், முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள், விளக்கையும் போடச் சொன்னாள். அதற்கப்புறம்தான் சொன்னாள். மூச்சு முட்டுதுன்னு உங்ககிட்ட சும்மா சொன்னேங்க, அந்தக் காத்து ஒண்ணும் பண்ணலை, நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி எனக்கு நெஞ்சு படபடன்னு வந்தா நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. உங்களைத் தட்டி எழுப்பினா நீங்க என் வாயைப் பாத்துத்தான் என்னன்னு புரிஞ்சுக்கணும். அதையும் மூடிட்டா நான் யாருகிட்ட என்னத்தைச் சொல்றது? உள்ளேயே கிடந்து செத்தாக்கூட உங்களுக்குத் தெரியாதுங்க. அந்தப் பயத்துலதான் கழட்டிப் போட்டேன் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இந்த வீட்டில் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கட்டிலில் ஒரே பயத்தோடு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருந்திருக்கிறோம். நீ கேலி செய்வாய், நானும் அழுதேன். அதுவும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் அழுதேனாம், பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிவிட்டாள்.

மறுநாளே மாஸ்க் பொருத்துகிற பெண்ணிடம் போனோம். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, நான் எத்தனையோ பேருக்குப் பொருத்தியிருக்கேன், இப்படி ஒரு காரணம் எனக்குத் தோணவே இல்லை என்றாள். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்கார்கிற சின்ன மாஸ்க் ஒன்று இருக்கிறது, வாய் திறந்தே இருக்கும். ஆனால் மூக்கு அடைப்பு இருந்தால் சரிப்படாது, வாய் வழியே காற்று ஓடிவிடும் என்றாள். மூக்கு டாக்டரைப் பார்த்து, உப்புத் தண்ணீரால் கழுவி, ஸ்பிரே அடித்து, அடைப்பு விலகிய பிறகு போட்டுப் பார்த்தார்கள். முதல் சில நாள் வாய் திறந்து காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்ததாம், அவளே எழுந்து எழுந்து சரிசெய்தாள். அப்புறம் மெல்ல மெல்ல வாய் மூடிக்கொண்டது. எனக்கு இன்னொரு ஏற்பாடும் ஆயிற்று. காது மெஷின் கடையில், தலையணைக்கு அடியில் வைக்கிற, கிடுகிடுவென்று ஆட்டுகிற தட்டு ஒன்று விற்கிறார்கள், காது கேளாதவர்கள் எழுந்திருப்பதற்காக. மாமா அதற்கு ஒரு ஒயரை இழுத்து அம்மா கைக்குப் பக்கத்தில் சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். அவள் அழுத்தினால் என் தலையே ஆடுகிறது. முதல் நாள் அது ஆடியதும் நான் துள்ளி எழுந்து அவள் நெஞ்சைப் பிடித்துப் பார்த்தேன். ஒண்ணுமில்லை, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க என்றாள். அன்றைக்கு அவளை நான் திட்டினதுபோல் கல்யாணம் ஆனதிலிருந்து திட்டினதில்லை. மறுநாள் தண்ணீர் கேட்டு அழுத்தினாள்.

இப்போது அவள் விடிகிறவரை அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஒருநாள் காலையில் எழுந்து ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தலையில இருந்து ஒரு மூட்டையை இறக்கி வெச்ச மாதிரி இருக்குங்க, தூங்கறதுன்னா இதுதானா என்று கேட்டாள். பேருந்தில் தூங்குவதில்லை. பிரஷர் ஒரு மாத்திரை அளவுக்கு இறங்கியிருக்கிறது, ஒன்றை நிறுத்திவிட்டார்கள். போன முறை ஈசிஜி எடுத்தபோது தாளம் ஒழுங்காக இருந்தது. கம்பி விட்டுச் சுடுவதை இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறார் டாக்டரம்மா. ஆனால் வேண்டவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தையல் கூடத்துக்கு அரை நாள் போகிறாள், கத்தியைத் தொடக்கூடாது, கோடு போட்டுக் கொடுப்பதோடு சரி என்று முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அதற்கும் எனக்குத் திட்டு விழுந்தது. என் பயம் போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று பயம், மாமா பேட்டரி வைத்துக் கொடுத்தார், இப்போது பேட்டரி போனால் என்ன செய்வது என்று பயம். குழாயில் அதிர்வு இருக்கிறதா என்று இன்னமும் கையை வைத்துப் பார்க்கிறேன். அவள் தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிடுகிறாள்.

நீ இதைப் படித்ததும் டிக்கெட் எடுக்காதே. அம்மா அதைத்தான் முக்கியமாக எழுதச் சொன்னாள். விடுமுறை கிடைக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், போதும். அவளோடு பேசும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடிக்காதே, நேராகக் கேள், இனிமேல் சொல்லுவாள். மாஸ்க்கைப் பற்றிக் கிண்டல் செய்தால் அவளுக்குப் பிடிக்கிறது, பரிதாபப்பட்டால்தான் கோபம் வருகிறது. வெளியில் குளிர் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளை வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது. போன வாரம் நீ அம்மாவுக்கு அனுப்பின செய்தியை அவள் எனக்குப் படிக்கக் கொடுத்தாள். காலையில் எழுந்தாலே தலை கனக்கிறது, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, வேலைதான் காரணம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் டாக்டரம்மா அம்மாவிடம் முதலில் கேட்ட கேள்விகள் நினைவுக்கு வந்து பயந்துவிட்டேன். அம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லை. உனக்கு ஒன்றும் இருக்காது, வேலைதான் காரணமாக இருக்கும், சின்ன வயசு. ஆனாலும் ஒரு நாள் மாப்பிள்ளையை உன் பக்கத்தில் விழித்திருந்து உன் மூச்சைக் கேட்கச் சொல். வெட்கப்படாதே, பொம்பளைங்க குறட்டையைப் பத்தி யாருகிட்ட பேசறது என்று உன் அம்மா வெட்கப்பட்டதெல்லாம் போதும். கேட்டதைக் கேட்டபடி அவரே தன் கையால் எழுதி எனக்கு அனுப்பட்டும். நீ எழுத வேண்டாம். நீ எழுதினால் ஒன்றுமில்லை அப்பா என்றுதான் எழுதுவாய், உன்னைப் பெற்றவளை எனக்குத் தெரியாதா. அவருக்கு நல்ல காது இருக்கிறது. அந்த ஒரு ராத்திரிக்கு அதை எனக்குக் கடனாகக் கொடுக்கச் சொல்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த தூக்கத்தோடும், குறையில்லாத மூச்சோடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மாப்பிள்ளையின் பதில் வரும்வரை தபால்காரர் வருகிற நேரம் நான் வாசலில்தான் நிற்பேன். அவர் மணியடித்தால் எனக்குக் கேட்காது.

உன் அன்பு அப்பா